பொறியியலா, ஆங்கிலமா: ஒரு சேர்க்கைக் கால நாட்குறிப்பு

பிப்ரவரி 8

அண்ணன் மகள் இரண்டு பாடத்திட்டங்களை அனுப்பியிருக்கிறாள். ஒன்று சிவில் இன்ஜினியரிங், இன்னொன்று ஆங்கில இலக்கியம். கூடவே ஒரு வரி: "அத்தை, நீங்க படிச்சது இங்கிலீஷ், வேலை பார்க்கிறது இன்ஜினியருங்களோட. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

பொறியாளர்கள் எழுதித் தரும் சோதனை அறிக்கைகளையும் இயந்திரக் கையேடுகளையும் படிக்கிறவருக்குப் புரிகிற மாதிரி திருத்துவது என் பிழைப்பு. அதனால் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. சம்பளம், வேலைவாய்ப்பு பற்றியெல்லாம் அண்ணன் அவளிடம் வேண்டிய மட்டும் பேசியாயிற்று. அதையே நானும் பேசப் போவதில்லை. பட்டத்தின் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வை, சேர்ந்த பிறகு ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகும் என்று பார்ப்போம் என்று பதில் போட்டேன். மூன்று நான்கு வருஷம் வாழப்போவது அந்த வாரத்தைத்தானே.

பிப்ரவரி 10

சிவிலை முதலில் எடுத்தோம். முதலாண்டில் சிவில் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. நுண்கணிதம், இயற்பியல், புரோகிராமிங், டிராயிங், நிலையியல். மெக்கானிக்கல் எடுப்பவருக்கும் ஏறக்குறைய இதேதான். வகுப்பும் லேபும் சேர்ந்தால் பகல் நிரம்பிவிடும். மாலையில் கணக்குத் தாள், லேப் ரெக்கார்டு.

"பாலம், கட்டடம் எல்லாம் எப்ப வரும் அத்தை?" என்று கேட்டாள். கான்கிரீட், ஸ்டீல் வடிவமைப்பு பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு வாக்கில் வரும். கடைசி ஆண்டில் குழுவாக ஒரு பெரிய புராஜெக்ட். அதற்கு முந்தையதெல்லாம் சங்கிலி. நுண்கணிதம் வராமல் வகைக்கெழுச் சமன்பாடு வராது, அது வராமல் பாய்மவியலும் அதிர்வியலும் வராது. நிலையியலில் ஒரு விசையைச் சரியாகப் பிரிக்கத் தெரியாதவருக்கு, அடுத்த ஆண்டு உத்தரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் விழிதான் பிதுங்கும்.

பிப்ரவரி 11

ராத்திரி போனில் ஒரு கணக்கு. இரண்டு முனையிலும் தாங்கி வைத்த உத்தரம், நட்டநடுவில் ஒரு சுமை. நடுவில் எவ்வளவு தொய்யும்? சூத்திரத்தைத் தேடி எடுத்துப் படித்தாள்: சுமையை நீளத்தின் மும்மடியால் பெருக்கி, 48 இ ஐ-யால் வகுக்க வேண்டும். இ என்பது பொருளின் விறைப்பு, ஐ என்பது குறுக்குவெட்டின் வடிவத்தால் வருவது.

"நீளத்தை இரண்டு மடங்காக்கினால்?"

"ரெண்டு மடங்கு தொய்யும். இல்ல இல்ல, எட்டு மடங்கு!"

அப்புறம் நான் கேட்காமலேயே ஐ-யைப் பிரித்தாள். செவ்வக வெட்டு என்றால் அகலம் பெருக்கல் உயரத்தின் மும்மடி, வகுத்தல் 12. "அப்ப நீளத்தோட உயரத்தையும் ரெண்டு மடங்காக்கிட்டா தொய்வு மாறவே மாறாதே!" உத்தரத்தின் சொந்த எடையை விட்டுவிட்டால், ஆமாம், மாறாது. அந்த எடையையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அவளிடமே விட்டுவிட்டேன்.

அவள் குரலில் இருந்த துள்ளலைக் கவனித்தேன். கணக்குத் தாளில் அவ்வப்போது இது கிடைக்கிறவருக்குத்தான் அந்த வாரம் தாங்கும்.

பிப்ரவரி 15

ஆங்கிலத்தின் வாரம் பார்க்கக் காலியாக இருக்கும். வகுப்பு நேரம் பொறியியலில் பாதிகூட இருக்காது. ஏமாந்துவிடக் கூடாது. ஒரு வாரத்தில் ஒரு தடி நாவல், கூடவே இரண்டு விமர்சனக் கட்டுரைகள், அடுத்த வாரம் வேறொரு நூற்றாண்டு. செமினாரில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது படிக்காமல் போனவரின் முகத்தில் அது எழுதி ஒட்டியிருக்கும். பருவத்தின் கடைசியில் கட்டுரைகள் மொத்தமாக வந்து விழும். இடைப்பட்ட நாட்களில் யாரும் விரட்ட மாட்டார்கள், அதுதான் சிக்கலே.

1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற இலக்கிய விமர்சகர் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார். கவிதையைக் கொடுப்பார், எழுதியவர் பெயர் இருக்காது, காலம் இருக்காது. படித்துவிட்டுத் தோன்றியதை எழுதித் தர வேண்டும். பெயர் மறைந்ததும் நல்ல மாணவர்களே தடுமாறினார்கள். இன்றும் பல துறைகளில் முதலாண்டிலேயே இந்தப் பயிற்சி உண்டு. நானும் அவளுக்கு ஒரு பழைய பதினான்கு வரிக் கவிதையைப் பெயரை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

முதல் பதில்: "சோகமான கவிதை." எந்த வரியில் என்று கேட்டேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு எழுதினாள்: முதல் எட்டு வரி சோகம் இல்லை, குற்றச்சாட்டு. ஒன்பதாம் வரியில் ஒரு "ஆனால்" வருகிறது, அதற்குப் பிறகுதான் பேசுகிறவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார். சானெட் என்கிற இந்தப் பதினான்கு வரி வடிவத்தில் திருப்பம் பெரும்பாலும் ஒன்பதாம் வரியில்தான் வரும் என்று நான் சொல்லவே இல்லை. அவளாகவே கண்டுபிடித்தாள்.

ஆக, இந்தப் பக்கமும் துள்ளல் இருக்கிறது. எனக்குத்தான் வேலை கூடிவிட்டது.

பிப்ரவரி 16

மதிப்பெண் பற்றிக் கேட்டாள். பொறியியல் கணக்குத் தாளில் 95 வாங்கலாம். ஆங்கிலக் கட்டுரைக்கு அப்படி யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் 70-ஐத் தொட்டாலே முதல் வகுப்பு. பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் கட்டுரை கைக்கு வரும் நாள் நல்ல நாளாக இருக்காது. இவளுக்கும்தான்.

பிப்ரவரி 22

அண்ணன் போன் செய்தான். "இங்கிலீஷ் எல்லாம் ஒரு படிப்பா? கதை படிக்கிறதுக்கு பட்டமா?" என்றான்.

இதைச் சொன்னவர்களில் இவன் முதல் ஆள் இல்லை. ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு கொண்டுவரப் பேச்சு நடந்தபோது, வரலாற்றுப் பேராசிரியர் ஃப்ரீமன் 1887-இல் அதைக் கவிஞர் ஷெல்லியைப் பற்றிய அரட்டை என்று கிண்டலடித்தார். அரட்டைக்குத் தேர்வு வைப்பது எப்படி என்பது அவர் கவலை. 1894-இல் படிப்பு வந்தபோது பழைய ஆங்கிலமும் மொழி வரலாறும் அதில் கனமாக உட்கார்ந்திருந்தன. கடினமானது என்று காட்ட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் தனித் தேர்வாக வந்தது 1917-இல்.

ஆனால் அண்ணனுக்குத் தெரியாத சங்கதி, அவன் தூக்கிப் பிடிக்கும் பொறியியலும் பல்கலைக்கழகத்துக்குள் பின்வாசல் வழியாக வந்ததுதான். பிரான்ஸில் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான பள்ளி 1747-இல் தொடங்கியது, எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் பள்ளி 1794-இல். இரண்டுமே பழைய பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நின்றவை. பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1840-இல்தான் சிவில் இன்ஜினியரிங்குக்குப் பேராசிரியர் பதவி உண்டாக்கியது. ஒன்றைக் கைத்தொழில் என்றார்கள், மற்றதைப் பொழுதுபோக்கு என்றார்கள். இதைச் சொன்னதும் அண்ணன் "சரி சரி" என்று போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டான்.

மார்ச் 1

இன்று அவளுக்கு ஒரு ஸ்லைடைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். நாசாவின் கொலம்பியா விண்கலம் தொடர்பானது.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஏவப்பட்டபோது, சுமார் 82-ஆவது விநாடியில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பிய்ந்து வந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து மேலாளர்களுக்கு ஸ்லைடுகள் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவைப் பார்த்தால் தங்கள் கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்கிற மாதிரி ஆறுதல் சொல்கிறது. கீழே புள்ளிகள், துணைப்புள்ளிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில்: மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3.

கால்குலேட்டரை எடுத்தாள். 640 மடங்கு. "அத்தை, அப்ப தலைப்பு சொல்றதுக்கும் கடைசி வரிக்கும் சம்பந்தமே இல்லையே!"

பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது கலம் சிதறியது. ஏழு பேர். அதில் கல்பனா சாவ்லாவும் ஒருவர், அவரே விண்பொறியியல் படித்தவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது. ஒரு மேலதிகாரி இதைப் படித்தால் உயிர் ஆபத்து என்று புரியாமல் போவது சகஜம்தான் என்றது.

640 என்று கணக்கிட்டது பொறியியல் வாரத்துப் பழக்கம். தலைப்பையும் கடைசி வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது செமினார் வாரத்துப் பழக்கம். இவளுக்கு இரண்டும் ஐந்தே நிமிடத்தில் வந்தது. அலுவலகத்தில் ஒன்று மட்டும் வருகிறவர்களோடுதான் எனக்கு நாள் பூராவும் மாரடிப்பு.

மார்ச் 4

இன்று நடைமுறை விஷயம். பொறியியல் முடித்துவிட்டு ஆங்கிலத்தில் முதுகலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆங்கிலம் முடித்துவிட்டுப் பொறியியலுக்குப் போவது கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்குவதுதான். அந்தச் சங்கிலிதான் காரணம். நாவலை எந்த வயதிலும் எந்த வரிசையிலும் படிக்கலாம், வகைக்கெழுச் சமன்பாட்டை அப்படிப் படிக்க முடியாது.

அடுத்தது அங்கீகாரம். 1989-இல் ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அமைப்புகள் வாஷிங்டன் உடன்பாட்டில் கையெழுத்திட்டன, பின்னால் பல நாடுகள் சேர்ந்தன. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகள் இணையாக ஏற்கும். அதற்காக உரிமம் தானாக வந்துவிடாது. அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இல்லை, அந்தந்தப் பட்டப்படிப்புக்கு. சேரும் முன் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இப்படி ஒரு கட்டு இல்லை. ஒரு துறையில் பழைய ஆங்கிலம் கட்டாயம், இன்னொன்றில் மருந்துக்கும் கிடையாது. அங்கே பாடப் பட்டியலை வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டையும் சேர்த்தே படிக்க வழி உண்டா என்றாள். உண்டு. ஆஸ்திரேலியாவில் பொறியியலும் கலையும் இணைந்த இரட்டைப் பட்டம் உண்டு, ஆண்டுகள் கூடும். அமெரிக்காவில் மூன்று ஆண்டு கலைக் கல்லூரி, இரண்டு ஆண்டு பொறியியல் என்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் எந்தப் பொறியியல் மாணவரானாலும் மானுடப் புலங்கள், கலை, சமூக அறிவியல் பக்கம் எட்டுப் பாடங்கள் எடுத்தே ஆக வேண்டும். படிக்கும் இடத்தைப் பொறுத்தது.

மார்ச் 12

சிவில் என்று முடிவு செய்துவிட்டாள், ஆங்கிலம் துணைப்பாடமாக. அண்ணன் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அண்ணியும் அப்படியே.

மார்ச் 19

கால அட்டவணையில் சிக்கல். கவிதை செமினாரும் சர்வே லேபும் ஒரே பிற்பகலில் வருகின்றன. லேபை நகர்த்த முடியாது, அடுத்த பருவத்துப் பாடம் அதை நம்பி இருக்கிறது. செமினாரை இரண்டாம் ஆண்டில் எடுத்துக்கொள்ளலாமா என்று ஆங்கிலத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாள். மூன்று பத்தி வணக்கமும் அறிமுகமும், கேள்வி கடைசி வரியில். அதை முதல் வரிக்குக் கொண்டுபோ என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.