டிபி குணமான நுரையீரலில் பூஞ்சை: வீட்டில் யாருக்கும் ஒட்டாது

அப்பாவுக்கு 2013-ல் டிபி வந்தது. ஆறு மாத மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு முழுசாகக் குணமானவர். அதனால் பல வருஷம் கழித்து சளியில் ரத்தம் வந்தபோது வீட்டில் எல்லோரும் கேட்டது "திரும்பவும் டிபியா?" என்பதுதான், அடுத்த கேள்வி "யாருக்கெல்லாம் ஒட்டியிருக்கும்?". அது டிபி இல்லை, நுரையீரலில் பூஞ்சை என்று தெரிவதற்கே மாதக்கணக்காகிவிட்டது, தெரிந்த பிறகும் அந்த இரண்டாவது கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கம் பழைய டிபி விட்டுப்போன ஓட்டை இருந்தது, அதைப் பார்த்ததுமே சளி ரிசல்ட் வருவதற்கு முன்பே டிபி மருந்தை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார்கள். சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையின் ரிசல்ட் அப்புறம் வந்தது, அதில் டிபி கிருமி இல்லை. ஆனாலும் மருந்து தொடர்ந்தது. இருமல் குறையவில்லை, எடை இறங்கிக்கொண்டே போனது, வாசல்வரை நடந்தாலே உட்கார இடம் தேடினார். வேறு ஒரு நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் எங்களிடம் பொறுமையாகக் கேட்ட விஷயம் "ஐயா என்ன வேலை செய்யறாங்க?" என்பது. விவசாயம், மாடு, வைக்கோல் என்று அம்மா சொன்னதும் சிடி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

சிடியில் அந்த ஓட்டைக்குள் ஒரு உருண்டை, அதன் மேலே பிறை வடிவில் கொஞ்சம் காற்று. குப்புறப் படுக்கவைத்து எடுத்த படத்தில் உருண்டை இடம் மாறியிருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை அளக்க ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எங்கள் ஊரில் அதைச் செய்யும் வசதி இல்லை, ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். அளவு மிக அதிகமாக வந்தது. டிபி குணமான ஆளுக்கு மாதக்கணக்கில் இருமலும் ரத்தமும் இருந்து, சளியில் டிபி இல்லை என்று வந்தால், இந்தப் பரிசோதனையையும் சிடியையும் வாய்விட்டுக் கேளுங்கள். டிபி அதிகமாக இருக்கிற நம் நாட்டில் இந்த நோயும் நிறையவே இருக்கிறது, யோசித்துத் தேடினால்தான் அகப்படும்.

சரி, இது எப்படி வந்தது? மக்கும் இலை, எருக்குழி, ஈரம் பட்ட வைக்கோல், ஓதமான சுவர் என்று எல்லா இடத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் வளர்கிறது. அதன் வித்துகள் 2 அல்லது 3 மைக்ரான் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது, மூச்சோடு நுரையீரலின் அடிவரைக்கும் போய்விடும். இதைப் படிக்கிற நீங்களும் தினமும் சுவாசிக்கிறீர்கள். நல்ல நுரையீரலில் பாதுகாப்புச் செல்கள் அவற்றை அழித்துவிடும். பழைய டிபி ஓட்டை பல வருஷம் பூட்டிக்கிடக்கிற அறை மாதிரி, அங்கே அந்தக் காவல் சரியாகப் போய்ச் சேராது, அதனால் வித்து முளைத்து இழையிழையாகப் படர்ந்து உருண்டையாகிறது.

அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "பேரப்பிள்ளைங்க பக்கத்துல படுக்கலாங்களா டாக்டர்?" தாராளமாகப் படுக்கலாம் என்றார் அவர். டிபி இருமலில் பறக்கும் துளிகள் வழியாக ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது, இந்தப் பூஞ்சை வெளிக்காற்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருவது, அப்பா இருமுவதால் மற்றவருக்கு வராது என்று விளக்கினார். தட்டு, டம்ளர், துண்டு எதையும் பிரிக்க வேண்டியதில்லை. எல்லாப் பூஞ்சைக்கும் இதே பதிலா என்றும் கேட்டேன். நியூமோசிஸ்டிஸ் என்ற ஒன்று மட்டும் காற்று வழியாக ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவக்கூடியது, எச்ஐவி உள்ளவர்களையும் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களையும்தான் அது முக்கியமாகப் பாதிக்கும் என்றார். புறா எச்சத்தில் வளர்கிற கிரிப்டோகாக்கஸ்கூட சூழலிலிருந்து வருவதுதானாம்.

இவ்வளவு கேட்டுவந்து சொல்லியும் அத்தை நம்பவில்லை. 2021-ல் கொரோனாவோடு கருப்பு பூஞ்சை வந்த பயம் அவருக்குள் அப்படியே இருந்தது. அந்த மே மாதம் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள், அறிவித்ததாலேயே அது தொத்து நோய் என்று ஊர் முழுக்க நினைத்துவிட்டது. அதுவும் ஒட்டுவதில்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும்தான் அதற்கு வழிவிட்டன. அத்தை பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திய அந்த வாரங்களில் அப்பா சாப்பிட்டதே பாதிதான். நோய் கொடுத்த வேதனையைவிட அது பெரிதாக இருந்தது, இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் அத்தையையும் ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப்போய் அவர் வாயாலேயே கேட்கவைத்தேன், அப்புறம்தான் பிள்ளைகள் வந்தார்கள்.

பிரிக்க வேண்டியது வைக்கோலைத்தான். போர் பிடுங்குவது, எரு அள்ளுவது, பூசணம் பிடித்த தானியம் புடைப்பது எல்லாம் இப்போது தம்பி வேலை. அப்பா தோட்டத்துப் பக்கம் போனால் என்95 மாஸ்க் போட்டுக்கொள்கிறார். மழையில் ஓதம் ஏறிய பின்பக்கச் சுவரைக் கொத்திப் பூசிய நாட்களில் அவரைப் பெரியம்மா வீட்டில் விட்டோம்.

மருந்து இட்ராகொனசோல். இதில் யாரும் விளக்கமாகச் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. டிபி மருந்தில் இருக்கிற ரிஃபாம்பிசின் இதன் அளவை ரத்தத்தில் அடியோடு குறைத்துவிடும், அதனால் டிபி இல்லை என்று உறுதிசெய்து அதை நிறுத்தி, கொஞ்ச நாள் இடைவெளி விட்டுத்தான் இதைத் தொடங்கினார்கள். கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும். நாம் சாதாரணமாகப் போடும் கேஸ் மாத்திரை இது உடம்பில் சேர்வதைக் கெடுக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலையும் இடையிடையே பார்க்கிறார்கள், கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதம் என்றுதான் ஆரம்பித்தோம், ஆனால் ஒரு வருஷம் சாப்பிட்டவர்களுக்குத் திரும்ப வருவது குறைவு என்று சண்டிகர் ஆய்வு ஒன்று 2022-ல் காட்டியிருப்பதால் எங்களுக்கும் மருத்துவர் நீட்டித்திருக்கிறார். செலவு அதிகம்தான், மறைக்கவில்லை.

சளியில் கோடு கோடாக ரத்தம் வந்தால் போன் செய்யச் சொன்னார். வாய் நிறைய வந்தால் யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்ப வேண்டும், கசியும் ரத்தக்குழாயை அடைக்கிற வசதி அங்கேதான் இருக்கும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. அப்பாவுக்கு எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது. உருண்டை இன்னும் சிடியில் தெரிகிறது, அது முழுசாகக் கரையாமலேயே ஆள் தேறலாம் என்று சொல்லியிருக்கிறார்.