அழித்த பிறகும் இருந்த தொண்டி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் நண்டு எடுக்கும் வியாபாரி ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாம்பன், தேவிபட்டினம், மோர்பண்ணை, தொண்டி என்று கரை நெடுக அவருக்கு ஆள்கள் உண்டு. எடை போடும் பையன் கைப்பேசியில் எடையையும் விலையையும் முன்பணத்தையும் பதிந்தால், அது அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில், மும்பை மண்டலத்தில் போய்ச் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, நாட்டுப்படகு வரத்து மட்டும் இருக்கும் என்பதால், குப்பை கூட்டும் வேலையை நான் அப்போதுதான் வைத்துக்கொள்வது வழக்கம்.

இந்த முறை அழிக்க வேண்டியிருந்தவை, மென்பொருளைத் தொடங்கியபோது சோதனைக்காக ஏற்றிய ஒரு மாதத்துப் பழைய நோட்டுக் கணக்கு. மொத்தம் 640 சீட்டுகள். டைனமோடிபியில் ஒரு பதிவை அழிக்க, அதை அடையாளம் காட்டும் முழுச் சாவியையும் கொடுத்தாக வேண்டும். சாவியின் முதல் பகுதியான பார்ட்டிஷன் கீ மட்டும் இருந்தால் போதாது, அட்டவணைக்கு இரண்டாம் பகுதியான சார்ட் கீ இருந்தால் அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். 'இந்தத் தேதிக்கு முந்தியதையெல்லாம் அழி' என்று ஒரே வரியில், மற்ற தரவுத்தளங்களின் எஸ்க்யூஎல் மொழிப் பாணியில் சொல்லிவிட்டுப் போக வழியில்லை. எங்கள் அட்டவணையில் ஊர்ப்பெயர் பார்ட்டிஷன் கீ, தேதியும் சீட்டு எண்ணும் சேர்ந்தது சார்ட் கீ. ஆகவே ஊர்ப்பெயர்களைப் பைத்தான் நிரலில் நானே தட்டச்சு செய்து, நோட்டிலிருந்த சீட்டு எண்களோடு இணைத்து, ஒவ்வொன்றுக்கும் டெலீட் ஐட்டம் என்ற கட்டளையை அனுப்பினேன். 640 முறையும் வெற்றி என்றே பதில் வந்தது. ஒரு பிழைகூட இல்லாததால் மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கணக்கப்பிள்ளை அழைத்தார். "என்ன தம்பி, எல்லாத்தையும் அழிச்சாச்சுண்டு சொன்னீக. இங்க தொண்டி ரெண்டு நிக்கிது. மோர்பண்ணையும் ரெண்டு."

அறிக்கைத் திரையில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஊர்வாரிக் கூட்டுத்தொகையில் தொண்டி என்று ஒரு வரி, அதற்கு அடுத்தே தொண்டி என்று இன்னொரு வரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் ஆகியவற்றின் சோதனைச் சீட்டுகள் ஒழுங்காக அழிந்திருந்தன. இந்த இரண்டு ஊர் மட்டும் ஏன் பிடிவாதம் பிடித்தன என்பது, இரண்டு தொண்டிகளையும் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒன்று 18 பைட், மற்றொன்று 21 பைட்.

தமிழில் 'தொ' என்ற எழுத்தை, கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தோடு ஒகர உயிர்க்குறி ஒன்றை மட்டும் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகளைத் தனித்தனியாக அடுத்தடுத்து வைப்பது இன்னொரு விதம். யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இக்குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும் என்பதால்தான் அந்த 3 பைட் வேறுபாடு. நோட்டுக் கணக்கைப் பழைய எழுத்துருவில் அடித்துவாங்கி, மாற்றிச் செயலி ஒன்றின் வழியே யூனிகோடாக்கியிருந்தேன். அது கொம்பையும் காலையும் பிரித்தே எழுதியிருக்கிறது. நிரலில் நான் அடித்ததோ ஒரே குறி. டைனமோடிபி சாவிகளைப் பைட்டுகளாகத்தான் ஒப்பிடும். இரண்டும் ஒரே எழுத்துதான் என்று அது கருதுவதில்லை. மண்டபத்திலும் பாம்பனிலும் கொம்பே கிடையாது, தேவிபட்டினத்தில் இருப்பது தனித்த இரட்டைக்கொம்பு. ஒகரமும் ஓகாரமும் வருகிற தொண்டியும் மோர்பண்ணையும் மட்டும் மாட்டிக்கொண்டன. ராமேஸ்வரத்தோடு நிற்காமல் தனுஷ்கோடியிலும் வியாபாரி நண்டு எடுத்திருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

சரி, இல்லாத சாவியை அழிக்கச் சொன்னபோது தரவுத்தளம் ஏன் வாயைத் திறக்கவில்லை? அதன் நடைமுறையே அப்படித்தான். டெலீட் ஐட்டத்துக்கு வரும் வெற்றிப் பதிலின் பொருள், 'இந்தச் சாவியில் இப்போது ஒன்றும் இல்லை' என்பதே; 'நான் ஒன்றை அழித்தேன்' என்பதன்று. இதில் நியாயமும் உண்டு: பாதி ஓட்டத்தில் பாம்பன் பக்கம் சிக்னல் போய்விட்டால், முழு நிரலையும் மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம், இரண்டாம் முறை அழிப்பதால் எந்தக் கெடுதலும் நேராது. ஆனாலும் இல்லாத பதிவை அழிக்கச் சொன்னதற்கும், பதிவு ஒன்றை எழுதியதற்கான ஓர் அலகைக் கட்டணக் கணக்கில் சேர்த்துவிடும் என்பதை நினைத்தால் எனக்குச் சிறிது கடுப்புதான்.

உண்மையில் அழிந்ததா என்று அறிய இரண்டு வழிகள் இருக்கின்றன. ரிட்டர்ன் வேல்யூஸ் என்ற இடத்தில் ஆல் ஓல்ட் என்று குறித்தால், அழிந்த பதிவு முழுவதும் பதிலோடு திரும்பி வரும். எதுவும் வரவில்லையென்றால் எதுவும் அழியவில்லை. அல்லது 'இந்தப் பதிவு இருந்தால் மட்டும் அழி' என்று நிபந்தனை சேர்க்கலாம். இல்லாவிட்டால் நிபந்தனை தவறியதாகப் பிழை வரும். நான் முதலாவதையே விரும்புகிறேன், ஏனென்றால் திரும்பி வரும் பதிவுகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் தவறாக அழித்ததை அதிலிருந்தே மீட்கலாம். ஒரே அழைப்பில் 25 பதிவுகள் வரை அழிக்கும் பேட்ச் ரைட் முறையில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. போதாக்குறைக்கு, அது முடிக்காமல் விட்டவற்றைத் தனிப் பட்டியலாகத் திருப்பித் தரும். அதைக் கவனித்து நாமே மீண்டும் அனுப்ப வேண்டும். பைத்தானின் போட்டோ3 நூலகத்திலுள்ள பேட்ச் ரைட்டர் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

மீதிச் சீட்டுகளை அழிக்கும்போது சாவியை நான் அடிக்கவே இல்லை. அட்டவணையை ஸ்கேன் செய்து, அதாவது முதலிலிருந்து கடைசிவரை படித்து, சோதனைக் குறியிட்ட பதிவுகளின் சாவிகளை அது தருகிற வடிவிலேயே வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஸ்கேன் ஒரு தடவைக்கு 1 எம்பி அளவு படித்த பிறகே வடிகட்டுகிறது. எனவே பொருந்தும் பதிவு ஒன்றுகூட இல்லாத வெற்றுப் பக்கம் நடுவில் வரலாம். பக்கம் காலியாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாமல், இன்னும் படிக்க மீதி உண்டு என்று காட்டும் லாஸ்ட் இவால்யுவேட்டட் கீ வராமல் போகும்வரை தொடர வேண்டும். படித்த அளவு முழுவதற்கும் கட்டணம் உண்டு. அட்டவணை முழுவதையுமே காலி செய்வதானால் இந்தப் பாடெல்லாம் வீண். அட்டவணையை நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்குவதே மலிவு.

பதிவுக்குக் காலாவதி குறிக்கும் டிடிஎல் வசதியை வைத்திருந்தால் தானாகவே அழிந்திருக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். காலாவதி நேரத்தை விநாடிக் கணக்கில் ஓர் எண்ணாக எழுதிவைத்தால், எழுதுவதற்கான கட்டணம் இல்லாமல் அது அழித்துவிடும் என்பது சரி. ஆனால் நேரம் கடந்த உடனேயே அழிக்காது, சில நாள்களுக்குள் அழிக்கும். அதுவரை பதிவு படிக்கக் கிடைக்கும். மில்லி விநாடியில் எழுதிவிட்டாலோ காலாவதி பல ஆயிரம் ஆண்டுகள் தள்ளிப்போய்விடும். அடுத்த சோதனை ஏற்றத்தின்போது பயன்படுத்துவேன். இப்போதுள்ள குழப்பத்துக்கு அது மருந்தில்லை.

கடைசியாக ஒரு சிக்கல் மிஞ்சியது. மோர்பண்ணைப் பையனின் கைப்பேசி விசைப்பலகையும் கொம்பையும் காலையும் பிரித்தே எழுதியிருந்ததால், அங்கே நிஜமான சீட்டுகள் சிலவும் தவறான சாவியில் கிடந்தன. சாவியை இருந்த இடத்திலேயே திருத்த டைனமோடிபி விடாது. சரியான சாவியில் புதிதாக எழுதி, பழையதை அழிக்க வேண்டும். முன்பணக் கணக்கு என்பதால் இரண்டில் ஒன்று மட்டும் நடந்து மற்றது நின்றுபோவதை ஏற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சீட்டுக்கும் எழுதுவதையும் அழிப்பதையும் ஒரே டிரான்சாக்ஷனில் சேர்த்தேன். கட்டணம் இரட்டிப்பானாலும், நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது. முந்தைய 35 நாள்களில் எந்த நொடிக்கும் திரும்பக்கூடிய மீட்பு வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தேன். தேவைப்பட்டால் அது புதிய அட்டவணையாக மீட்டுத் தரும். ஊர்ப்பெயர் உள்ளே வரும் இடத்திலேயே யூனிகோட் நார்மலைஸ் செய்து, பிரிந்த கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றும் ஒரு வரியையும் சேர்த்தாயிற்று. ஔகாரத்துக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடிப்பவர்களை அந்த வரி காப்பாற்றாது. நல்லவேளையாக எங்கள் பட்டியலில் அப்படி ஊர் எதுவும் இல்லை.

ஜூன் 14 மாலை கணக்கப்பிள்ளை அறிக்கையைத் திறந்து, விரலை வைத்து ஊர்களை ஒவ்வொன்றாக எண்ணி, "தொண்டி ஒண்ணுதான்" என்றார்.