டல்லாஸில் நான், மேடிசனில் படகு

அப்பா ஜூலையில் வருகிறார் என்று டிக்கெட் உறுதியானதும்தான் படகுப் பேச்சு எழுந்தது. தூத்துக்குடியில் முப்பது வருஷம் வள்ளத்தில் தொழிலுக்குப் போன மனுஷன். அவரை மூன்று மாதம் சோபாவில் உட்கார வைத்து டிவி காட்டக் கூடாது என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். அண்ணன் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில். வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம் போனால் மெண்டோட்டா ஏரி. நான் இருப்பது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். பணம் பெரும்பாலும் என்னுடையது என்பதால் பதிவு என் பெயரில் என்று பேசிக்கொண்டோம். படகு கிடைத்ததோ மூன்றாவதாக ஒரு மாநிலத்தில். இல்லினாய்ஸில் ராக்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் விற்றார். 17 அடி அலுமினியப் படகு, 2014 மாடல், பின்னால் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார்.

மூன்று மாநிலம். எங்கே பதிவு செய்வது?

கேட்டவர்களில் பாதிப் பேர், "உங்க லைசென்ஸ் டெக்சாஸ்தானே, அங்கேயே போடுங்க" என்றார்கள். கார் என்றால் அந்த யோசனை சரி. படகுக்கு வேறு கணக்கு. சொந்தக்காரர் எங்கே குடியிருக்கிறார், படகை எங்கே வாங்கினார் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். வருஷத்தில் அதிக நாள் எந்த மாநிலத்துத் தண்ணீரில் ஓடுகிறதோ அந்த மாநிலத்தின் எண்தான் வேண்டும் என்று கூட்டாட்சி விதியே சொல்கிறது. எங்கள் படகு டெக்சாஸ் தண்ணீரைப் பார்க்கப் போவதே இல்லை. ஆகவே விஸ்கான்சின். அங்கே இதைக் கவனிப்பது வாகனப் பதிவு அலுவலகம் இல்லை, இயற்கை வளத் துறை. டிரெய்லர் மட்டும்தான் வாகனத் துறையின் கீழ் வரும்.

"வேறு மாநிலப் படகு 60 நாள் ஓடலாமே, அதற்குள் மெதுவாகச் செய்யலாம்" என்றும் ஒருவர் சொன்னார். நம்பிவிடாதீர்கள். தன் மாநிலத்தில் முறையாகப் பதிவான படகு விஸ்கான்சினுக்கு வந்து போவதற்கான சலுகை அது. வாங்கிவிட்டு இன்னும் பெயர் மாற்றாதவருக்கு அது கைகொடுக்காது.

விஸ்கான்சினில் 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகுக்குப் பதிவோடு டைட்டிலும், அதாவது உரிமைப் பத்திரமும், வேண்டும். நாங்கள் ஒரு அடியில் அந்தப் பக்கம் போய்விட்டோம். ஏப்ரலில் அண்ணன் ராக்போர்டு போய்ப் பணம் கொடுத்து, பெரியவர் கையெழுத்துப் போட்ட இல்லினாய்ஸ் டைட்டிலை வாங்கி, படம் எடுத்து எனக்கு அனுப்பினார். ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கீழே ஒரு வங்கியின் பெயர் கண்ணில் பட்டது. கடன் பிடிமானம், அதாவது கடன் தீரும்வரை படகின் மேல் வங்கிக்கு இருக்கும் உரிமை. பெரியவர் கடனை அடைத்து வருஷக்கணக்காகிவிட்டது, ஆனால் டைட்டிலில் அந்தப் பெயரை யாரும் நீக்கவில்லை. வங்கியிடமிருந்து கடன் தீர்ந்த கடிதம் வராமல் விஸ்கான்சின் நம் பெயருக்கு டைட்டில் தராது.

அந்த வங்கி இதற்குள் வேறொரு வங்கியோடு இணைந்திருந்தது. எந்தக் கிளையும் இது தங்கள் வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. கடன் அவர் பெயரில் இருந்ததால் நான் கூப்பிட்டால் பேசவும் மாட்டார்கள். பாவம், அந்தப் பெரியவர்தான் தினமும் காலையில் போன் போட்டு வரிசையில் காத்திருந்தார். பணம் கைக்கு வந்தபிறகும் அப்படி மெனக்கெட அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் நல்ல மனுஷராக இல்லாவிட்டால் அந்தக் கோடை எங்களுக்கு வீணாகப் போயிருக்கும். தூரத்திலிருந்து வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே டைட்டிலின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் முன்பக்கத்தைக்கூட முன்கூட்டிக் கேட்கவில்லை.

அடுத்தது ஹல் எண், அதாவது படகின் உடலில் பொறித்த அடையாள எண். இங்கே தயாரித்து விற்கும் படகுகளின் பின்பலகையில் வலது பக்கம் மேல் ஓரமாக 12 எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளருக்கான குறி. அடுத்த ஐந்து வரிசை எண். கடைசி நான்கில் மாதம், வருஷம், மாடல் வருஷம். படிவத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் திரும்பி வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால், தபாலில் போடுவதற்கு முன் டைட்டிலையும் விற்பனைச் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஆறாவது இடத்தில் டைட்டிலில் பூஜ்யம், சீட்டில் ஆங்கில 'ஓ'. சரி, படகையே கேட்டுவிடுவோம் என்று அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன்.

அலுமினியத்தில் சுரண்டினாற்போல் எழுத்து, மேலே பழைய பாசிக்கறை. வெளிச்சம் அடித்தால் பளபளப்புதான் தெரிகிறது. அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அழுத்தி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். சின்ன வயதில் காசை நோட்டில் தேய்த்து எடுப்போமே, அதே மாதிரி எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஆறாவது வெறும் வட்டம். எதுவாகவும் இருக்கலாம்.

விதியைத் தேடிப் படித்தபோது விடை அதிலேயே இருந்தது. வரிசை எண்ணின் ஐந்து இடங்களில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளைப் பயன்படுத்தவே கூடாது. இந்தக் குழப்பத்துக்காகத்தான். "ஏலே, அப்போ அது பூஜ்யம்தான், வேற பேச்சே இல்ல" என்றார் அண்ணன். பெரியவர் விற்பனைச் சீட்டைத் திருத்தி மறுபடி எழுதிக் கொடுத்தார்.

மற்றதெல்லாம் நேர்வழி. விற்பனை வரியைப் பதிவோடு சேர்த்துக் கட்ட வேண்டும். விஸ்கான்சினுக்கு 5 சதவீதம், மேடிசன் இருக்கும் டேன் கவுண்டிக்கு அரை சதவீதம். தனிநபரிடம் வாங்கினாலும் வரி உண்டு. படிவத்தில் தபால் முகவரியாக என் டல்லாஸ் முகவரி, படகு நிற்கும் இடமாக அண்ணன் வீடு. டைட்டில் அசலாகப் போக வேண்டும் என்பதால் அண்ணன் அதை எனக்கு அனுப்ப, நான் கையெழுத்திட்டு டிராக்கிங் போட்டு மேடிசனுக்குத் திருப்பினேன். காகிதம் என்னைவிட அதிகம் ஊர் சுற்றியது. இதற்கிடையில் அண்ணன் படகை இல்லினாய்ஸிலிருந்து இழுத்து வந்தார். கிளம்பும் முன் மீன் தொட்டித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருந்த செடி கொடியை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் வந்தார். விஸ்கான்சினில் அது சட்டம். மெண்டோட்டாவில் வெளியிலிருந்து வந்து பரவிய வரிச்சிப்பிகள் ஏற்கெனவே படிந்து கிடக்கின்றன. நாம் வேறு எதையும் கொண்டுபோய் விடக் கூடாது.

ஜூன் கடைசியில் சான்றிதழ் வந்தது. எண் 'டபிள்யூ.எஸ்.' என்று தொடங்கியது. விஸ்கான்சின் என்றால் டபிள்யூ.ஐ. அல்லவா, அச்சுப்பிழையோ என்று பதறிவிட்டேன். பிழை இல்லை. படகுக்கான மாநிலக் குறிகள் தபால் குறிகளிலிருந்து சில இடங்களில் மாறும். மிச்சிகன் படகுக்கு எம்.சி.; எம்.ஐ. என்று போட்டிருந்தால் அது மிசிசிப்பி.

அந்த எண்ணைப் படகில் போட, ஒட்டும் எழுத்துகளை நான் ஆர்டர் செய்யப் போனேன். அதற்குள் அப்பா வந்து இறங்கிவிட்டார். "வள்ளத்துல ஸ்டிக்கரா ஒட்டுவாங்க? பெயிண்ட் வாங்கிட்டு வா" என்றார் அண்ணனிடம். விதியைப் பார்த்தேன். பெயிண்டிலும் எழுதலாம். முன்பாதியில் இரண்டு பக்கமும், குறைந்தது 3 அங்குல உயரம், நிமிர்ந்த தடித்த எழுத்து, பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறம், எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி. அப்பா சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு, இடது பக்கத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். வீடியோவில் பார்த்தேன். அழகாக இருந்தது, ஆனால் இடைவெளி இல்லை. சொல்லத் தயங்கினேன்.

அவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "நெருக்கிட்டேன்" என்று தானே சொல்லி, துணியில் தின்னர் ஊற்றித் துடைத்துவிட்டு, பழையபடி நூலை இழுத்துப் பிடித்தார்.