காசநோய் மாத்திரையும் அம்மாவின் சாப்பாடும்

அம்மாவுக்கு நுரையீரல் காசநோய். 6 மாதம் மாத்திரை. அதில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும் என்பதால், எழுந்ததும் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இட்லி. குமட்டல் தாங்காத நாளில் டாக்டரிடம் கேட்டுவிட்டு முதலில் இரண்டு வாய் கஞ்சி. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்துபோனார். அது மாத்திரையின் நிறம்தான். ஆனால் கண் மஞ்சளானால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பத்தியம் என்று சொல்லி முட்டையை நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர்களே, தயவுசெய்து வேண்டாம். இளைத்த உடம்பு தேற வேண்டிய நேரம் இது. முட்டை வாசனை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தோசை மேல் ஊற்றி, மிளகுத்தூள் தூவி, இரண்டு பக்கமும் முறுகவிட்டுக் கொடுக்கிறேன். சாப்பிடுகிறார். மாலையில் சுண்டல், வேகவைத்த கடலை.

அப்புறம், காசநோயாளிகளின் சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசு மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் போடுகிறது. கேட்டு வாங்குங்கள்.