நியூயார்க்கின் பெருவிருந்துகள்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 2

நியூயார்க் பொது நூலகத்தின் மின்தொகுப்பில் உள்ள பழைய விருந்து மெனு அட்டைகளை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். இத்தொகுப்பை உருவாக்கியவர் ஃபிராங்க் பட்டால்ஃப் என்னும் பெண்மணி. அவர் 1900ஆம் ஆண்டு தொடங்கி, உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் கடிதம் எழுதிக் கேட்டும் விடுதித் தொழில் இதழ்களில் விளம்பரம் கொடுத்தும், 1924இல் மறைவதற்குள் 25,000க்கும் மேற்பட்ட அட்டைகளைச் சேர்த்துவிட்டார். ஒரு வேளை உணவுக்காக அச்சிட்டு மறுநாள் குப்பைக்குப் போக வேண்டிய தாளை வரலாற்று ஆவணமாக மதித்த அந்தக் கண்ணுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

என் அக்கறை உணவைப் பற்றியது மட்டுமன்று. வணிகர் சங்கங்களும் நகரப் பெருமக்களும் நடத்திய அந்த விருந்துகளில் யார் உட்கார்ந்தார்கள், யார் வேடிக்கை பார்த்தார்கள், யார் நின்றுகொண்டு பரிமாறினார்கள் என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால், அந்த நகரம் யாரைத் தன் குடிமகனாக எண்ணியது என்பது தெரிந்துவிடும் என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 4

ஒரே இரவு விருந்து ஒரு நாட்டின் தொழில் வரலாற்றையே திருப்பிவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு 1900 டிசம்பர் 12ஆம் நாளைத்தான் காட்ட வேண்டும். ஐந்தாம் அவென்யூவில் உள்ள பல்கலைக்கழக மன்றத்தில், எட்வர்ட் சிம்மன்ஸ், சார்லஸ் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் இரு பிரமுகர்கள், கார்னகி எஃகு நிறுவனத்தின் தலைவரான சார்லஸ் ஷ்வாபுக்குச் சிறப்பு செய்ய விருந்தளித்தார்கள். வந்தவர்கள் சுமார் 80 பேர். ஷ்வாபின் அருகிலேயே வங்கியாளர் ஜே. பி. மார்கன் அமர்ந்திருந்தார். உணவு முடிந்து பேச எழுந்த ஷ்வாப், ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்வதைவிட, ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைந்து ஒவ்வோர் ஆலையும் ஒரு பொருளை மட்டும் செய்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதை விளக்கினார். பேச்சு முடிந்ததும் மார்கன் அவரைத் தனியே அழைத்துச் சென்று பேசினார். சில வாரங்களில் கார்னகி தம் நிறுவனத்துக்கு 48 கோடி டாலர் விலை குறித்துக் கொடுத்தார். 1901 பிப்ரவரியில் 140 கோடி டாலர் மூலதனத்தோடு யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் பிறந்தது.

அதுவரை உலகம் அப்படியொரு நூறு கோடி டாலர் நிறுவனத்தைக் கண்டதில்லை. பல்லாயிரம் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தொட்ட ஒரு முடிவு, அவர்களுள் ஒருவரும் நுழைய முடியாத அறையில், காபிக்கும் சுருட்டுக்கும் இடையில் முளைவிட்டது என்பதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை.

பிப்ரவரி 5

உணவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல அட்டைகளின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: முதலில் லாங் ஐலண்ட் கரையின் புளூ பாயிண்ட் சிப்பி, அடுத்துப் பச்சை ஆமை சூப், பிறகு மீன், இறைச்சி, டெர்ரப்பின் என்னும் உப்பங்கழி ஆமை, நடுவில் வாயைக் குளிரவைக்க மது கலந்த பனிக்கூழ், அதற்குப்பின் செசபீக் விரிகுடாவின் கேன்வாஸ்பேக் காட்டு வாத்து, கடைசியில் ஐஸ்கிரீமும் காபியும். அட்டையின் மொழி பெரும்பாலும் பிரெஞ்சு.

இத்தனை செழிப்புக்கும் விலை கொடுத்தவை அந்தச் சதுப்பு நிலங்கள். சந்தைக்காகவே வேட்டையாடியதில் காட்டு வாத்துகள் அருகிவிட, 1911இல் நியூயார்க் மாநிலம் பெய்ன் சட்டத்தின் மூலம் உள்நாட்டு வேட்டைப் பறவைகளை விற்பதையே தடை செய்தது. ஷெர்ரி மதுவோ மடீரா மதுவோ சேர்த்துச் சமைக்கும் டெர்ரப்பின், 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபின் மவுசு இழந்தது. மதுவருவாய் நின்றுபோனதால், நகரத்தின் புகழ்பெற்ற டெல்மோனிகோ உணவகமே 1923இல் மூடப்பட்டது.

பிப்ரவரி 8

1902 நவம்பர் 11. நியூயார்க் மாநில வணிகக் கழகம் 1768இல் தோன்றிய பழம்பெரும் அமைப்பு. லிபர்ட்டி தெருவில் எழுப்பிய அதன் புதிய கட்டடத்தின் திறப்பு விழாவுக்குக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் வந்திருந்தார். இரவு கழகத்தின் விருந்திலும் பேசினார். மார்கனின் ரயில்வே கூட்டமைப்பான நார்தர்ன் செக்யூரிட்டீஸ்மீது அவருடைய அரசு வழக்குத் தொடுத்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தத்தில் அவர் தலையிட்டு முடித்து ஒரு மாதமும் ஆகவில்லை. அந்த நிலையில் அவரும் நகரத்தின் பெருவணிகர்களும் ஒரே கூரையின்கீழ் உணவருந்தியதை வெறும் நாகரிகம் என்று ஒதுக்கமுடியாது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே இரு தரப்பும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதற்கு அந்த நகரம் கண்டுபிடித்திருந்த ஏற்பாடு இதுவே.

இத்தகைய விருந்துகளுக்குப் பேர்போன இடம் ஐந்தாம் அவென்யூவில், இன்று எம்பயர் ஸ்டேட் கட்டடம் நிற்கும் மனையில் இருந்த வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதி. அக்காலப் புகைப்படங்களில் கீழே நூற்றுக்கணக்கான ஆண்கள் கறுப்புக் கோட்டோடு வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து, மெக்னீசிய வெளிச்சத்துக்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். தலைமை மேசைக்கு எவ்வளவு அருகில் நாற்காலி கிடைத்தது என்பது, நம் கல்யாணப் பந்தியில் முதல் வரிசை இலை யாருக்கு என்பதுபோல, மாதக்கணக்கில் பேசப்படும் செய்தி. மனைவியரும் மகள்களும் மேலே மாடங்களில் இருந்துகொண்டு சொற்பொழிவுகளைக் கேட்பார்கள். ஆடவர் விருந்தில் அவர்களுக்குக் கீழே இடமில்லை.

இந்த வழக்கத்துக்கு எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. 1868இல் சார்லஸ் டிக்கன்ஸுக்குப் பத்திரிகையாளர்கள் டெல்மோனிகோவில் அளித்த விருந்துக்கு நுழைவுச் சீட்டுக் கேட்டு மறுக்கப்பட்ட ஜேன் கன்னிங்ஹாம் குரோலி என்னும் பத்திரிகையாளர், சொரோசிஸ் என்ற மகளிர் மன்றத்தைத் தொடங்கி, அதே டெல்மோனிகோவில் பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட மதிய விருந்தை நடத்திக்காட்டினார். அதற்குப்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாடங்கள் காலியாகவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

பிப்ரவரி 9

இரவு விருந்துப் பேச்சுக்கு அந்நாளில் இணையற்றவராகக் கருதப்பட்டவர் சான்சி டெப்யூ. ரயில்வே நிறுவனத் தலைவராக இருந்து செனட்டரானவர். எக்விட்டபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் கொடுத்துவந்தது என்பது 1905 விசாரணையில் வெளிப்பட்டது. கைதட்டி மகிழ்ந்தவர்களில் எத்தனையோ பேர் அந்நிறுவனத்துக்குத் தவணை கட்டியவர்களாக இருந்திருப்பார்கள்.

பிப்ரவரி 11

1907 அக்டோபரில் நிதிச் சந்தை பீதியில் ஆழ்ந்தது. அடுத்த மாதம் 20ஆம் நாள் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீலின் தலைவர் எல்பர்ட் கேரி, போட்டி நிறுவனங்களின் தலைவர்களை வால்டார்ஃப் அஸ்டோரியாவில் விருந்துக்கு அழைத்தார். ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை. விலையைச் சரியவிடாமல் ஒருவருக்கொருவர் நம்பிக்கையோடு நடந்துகொள்வோம் என்ற இணக்கம் மட்டும் ஏற்பட்டது; தொடர்ந்து நடந்த சந்திப்புகளுக்குக் ‘கேரி விருந்துகள்’ என்றே பெயர் நிலைத்தது. 1911இல் அரசு தொடுத்த வழக்கில் இவ்விருந்துகளும் சாட்சியமாயின. உச்ச நீதிமன்றம் 1920இல் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விலையை நிறுத்தப் போட்டியாளர்களின் துணை தேவைப்பட்டதே, அந்நிறுவனத்துக்குத் தனியாதிக்கம் கிட்டவில்லை என்பதற்குச் சான்று என்பது பெரும்பான்மையினரின் வாதம். சட்டப்படி அது வலுவான வாதமாக இருக்கலாம். எஃகு வாங்கியவர்கள் கொடுத்த விலையை நினைத்தால் என் மனம் அதை ஏற்க மறுக்கிறது.

பிப்ரவரி 14

1905 டிசம்பர் 5ஆம் நாள் டெல்மோனிகோவில் மார்க் ட்வைனின் எழுபதாம் பிறந்தநாள் விருந்து நடந்தது. சுமார் 170 எழுத்தாளர்கள் கலந்துகொண்டார்கள். பெண்கள் பலர் கீழேயே மேசைகளில் அமர்ந்திருந்தார்கள். கறுப்பின எழுத்தாளர் சார்லஸ் செஸ்நட்டும் அங்கே விருந்தினர். கலையுலகம் வணிக உலகுக்கு ஓரடி முன்னே இருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த ஓரடிக்கு அப்பால் என்ன காத்திருந்தது என்பதை 1908 ஏப்ரலில் பெக் உணவகத்தில் நடந்த விருந்து காட்டுகிறது. காஸ்மாபாலிட்டன் சங்கத்தின் அழைப்பில் வெள்ளையரும் கறுப்பரும், ஆணும் பெண்ணும், ஒரே மேசையில் உண்டார்கள். ஆடம்பரம் ஏதும் இல்லாத எளிய விருந்து அது. பத்திரிகைகள் அதை ஒழுக்கக்கேடு என்று தூற்றின. அதில் கலந்துகொண்ட சமூகப் பணியாளர் மேரி ஒயிட் ஓவிங்டனுக்கு ஆபாசக் கடிதங்கள் குவிந்தன. அவரும் அங்கே உரையாற்றிய ஆஸ்வால்ட் வில்லார்டும் மறு ஆண்டே கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் சேர்ந்தார்கள். எஃகு விருந்துகளைவிட இந்த விருந்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிப்ரவரி 17

பரிமாறியவர்களைப் பற்றி இதுவரை நான் பார்த்த அட்டைகள் எதுவும் பேசவில்லை. ஐரோப்பாவிலிருந்து குடியேறிய அந்தப் பணியாளர்களை நகரம் கவனித்தது 1912 மே மாதத்தில், பெல்மான்ட் விடுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் மற்றப் பெரிய விடுதிகளுக்கும் பரவியபோதுதான். நல்ல ஊதியம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, சங்கத்துக்கு அங்கீகாரம் என்பவை அவர்கள் கேட்டவை. 1913 ஜனவரியில் உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு மீண்டும் வெளியேறினார்கள். அச்சங்கத்தின் பேச்சாளர் எலிசபெத் கர்லி ஃபிளின் அவர்களுக்காக மேடையேறினார். இரண்டும் தோல்வியில் முடிந்தன.

அதே ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், உல்வொர்த் கட்டடத்தின் 27ஆம் மாடியில் அதன் கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட்டுக்குப் பெருவிருந்து நடந்தது. வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் வில்சன் ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் 80,000 விளக்குகள் எரிந்தன. ஐந்து காசுக்கும் பத்துக் காசுக்கும் பொருள் விற்றுச் சேர்த்த பணத்தில் எழுந்த கட்டடம் அது. அந்த விருந்தில் பரிமாறியவர்களுள் ஜனவரியில் தெருவில் நின்றவர்கள் இருந்தார்களா என்று அறிய விரும்புகிறேன். அடுத்த வாரம் அம்மாதங்களின் தொழிற்சங்க இதழ்களை வாசிக்கவிருக்கிறேன். பணியாளர்களின் கோரிக்கைப் பட்டியலை முழுமையாகப் படித்தபின் இங்கே எழுதுகிறேன்.