வெளியுறவு அமைச்சும் சட்ட அமைச்சும்

சிங்கப்பூர் அமைச்சரவை மாறும் ஒவ்வொரு முறையும், எந்தப் பொறுப்பு யாருக்கு என்ற பட்டியலில் நம்மவர்களின் கண் முதலில் தேடுவது, பெரும்பாலும் வெளியுறவு அமைச்சைத்தான். 1965இல் பொறுப்பேற்ற, யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்னத்தில் தொடங்கி, இன்றைய விவியன் பாலகிருஷ்ணன் வரை அப்பொறுப்பை வகித்த ஏழு பேரில் வோங் கான் செங், ஜார்ஜ் இயோ தவிர மற்ற ஐவருமே தமிழ்ப் பின்னணி கொண்டவர்கள்.

இதைப் பெருமையாகப் பேசுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ வேறொன்றுதான் சுவையாகப் படுகிறது. எஸ். ஜெயக்குமார் 1994 முதல் 2004 வரை வெளியுறவையும் சட்டத்தையும் சேர்த்தே கவனித்தார்; பின்னர் 2011 முதல் 2015 வரை கா. சண்முகமும் அவ்வாறே இரண்டையும் வகித்தார். படைபலத்தால் அண்டை நாடுகளை அசைக்க முடியாத சிறிய தீவுக்கு, ஒப்பந்தமும் அனைத்துலகச் சட்டமுமே அரண் என்பதால், இந்த இணைப்பு தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. பெட்ரா பிராங்கா தீவு குறித்து மலேசியாவுடன் நிலவிய சர்ச்சையை அனைத்துலக நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் உடன்பாட்டில் 2003இல் கையெழுத்திட்டவர் ஜெயக்குமார்தான். 2008இல் அத்தீவு சிங்கப்பூருக்கே உரியது எனத் தீர்ப்பு வந்தது.

2025 பொதுத் தேர்தலுக்குப் பின் அமைந்த அமைச்சரவையில் பிரதமர் லாரன்ஸ் வோங் நிதி அமைச்சைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். சண்முகம் உள்துறையோடு தேசியப் பாதுகாப்புக்கான ஒருங்கிணைப்பு அமைச்சரும் ஆனார். அவர் 2008 முதல் வகித்துவந்த சட்ட அமைச்சு எட்வின் டோங்கிடம் சென்றது. வெளியுறவில் மாற்றமில்லை.