தோமாவின் ஊரில் ஒரு ஞாயிறு

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எல்லாக் கத்தோலிக்க ஆலயங்களிலும் ஒரே நற்செய்திதான் வாசிப்பார்கள். யோவான் 20-ஆம் அதிகாரம், தோமாவின் கதை. உயிர்த்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர் அவர். மற்ற ஞாயிறுகளின் வாசகங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இது மாறாது. இந்த வருடம் அந்த நாளை எங்கள் பங்குக் கோயிலில் இல்லாமல் சென்னையில் தோமாவின் மூன்று இடங்களில் கழிக்க வேண்டும் என்று மனது கேட்டது. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. என் தம்பி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 41 வயதுதான் அவனுக்கு. அதன் பிறகு ஒரு ஞாயிறுகூடத் திருப்பலிக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் நம்பிக்கை அறிக்கையில் ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்ற இடம் வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். கடைசி நாட்களில் அந்த உடலைத் துடைத்துவிட்டவள் நான். அந்த வரியை வெறும் பழக்கத்தில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பங்கில் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். உயிர்ப்பு பற்றிய பாடத்தை முடித்தபோது ஒரு பையன் எழுந்து, “மிஸ், தோமா கடைசியில தொட்டுப் பார்த்தாரா?” என்று கேட்டான். “தொட்டார்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து விவிலியத்தைத் திறந்து பார்த்தால் அப்படி எழுதியிருக்கவில்லை. “இதோ என் கைகள், உன் விரலை இங்கே இடு” என்று இயேசு சொல்கிறார். அடுத்த வரியிலேயே தோமா, “நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!” என்கிறார். நடுவில் ஒரு சொல்கூட இல்லை. ஓவியங்களில் அந்த விரலைப் பார்த்துப் பார்த்து, வாசித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மனைவியும் கூட வருகிறேன் என்றாள். காலையிலேயே சின்னமலை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தோம்.

தோமா கி.பி. 52-இல் கேரளத்தின் கொடுங்கல்லூரில் வந்து இறங்கினார், பிறகு மயிலாப்பூர்ப் பக்கம் வந்தார், 72-இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது நம் மரபு. சின்னமலை அவர் ஒளிந்திருந்த இடம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய பழைய கோயிலை ஒட்டி அந்தக் குகை இருக்கிறது. நன்றாகக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் பாறையில் ஒரு திறப்பு. விரட்டி வந்தவர்களிடமிருந்து அவர் அந்த வழியாகத் தப்பித்தார் என்பார்கள். பக்கத்தில் பாறையில் பதிந்த கைத்தடம். வருகிறவர்கள் எல்லோரும் அதில் கை வைத்துப் பார்க்கிறார்கள். நானும் வைத்தேன். காலை வெயிலிலும் பாறை சில்லென்று இருந்தது. தொட்டால்தான் நம்புவேன் என்ற மனிதரின் தடத்தைத் தேடி நாங்களும் தொட்டுப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

வெளியே பாறையில் சுனை. தன் பேச்சைக் கேட்க வந்த மக்களின் தாகம் தீர்க்கத் தோமா பாறையைத் தட்டி வரவழைத்த தண்ணீர் என்பது நம்பிக்கை. தம்பி மனைவி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, “மதினி, முதல்ல நீங்க குடிங்க” என்று நீட்டினாள். அவள் ஒருநாளும் என்னிடம் நம்பிக்கை பற்றிப் பேசியதில்லை. கணவனை அடக்கம் செய்த மறுவாரமே பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருப்பலிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவள் அவள்.

அங்கிருந்து ஆலந்தூரில் வண்டி மாறிப் பரங்கிமலை. அடிவாரத்திலிருந்து படிக்கட்டு தொடங்குகிறது. பின்பக்கம் வண்டிப் பாதை இருக்கிறது, முடியாதவர்கள் அதில் போகலாம். முடிந்தவர்கள் படியேறுவதுதான் நல்லது. வழியில் சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருந்த பழைய மர்மலாங் பாலமும் அவர் கொடுத்ததே. எங்கிருந்தோ வந்தவர், அடுத்தவர்கள் நடந்து போக வழி போட்டிருக்கிறார். ஏறும்போது அவருக்காகவும் ஒரு செபம் சொன்னேன்.

மேலே சிறிய கோயில், எதிர்பார்ப்பின் அன்னை மரியாவின் பெயரில். பீடத்தில் ஒரு பழைய கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. மேலே ஒரு புறா, சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அது இரத்தம் வியர்த்ததாகச் சொல்வார்கள். தோமா தன் கையாலேயே செதுக்கியது என்பது மரபு. எழுத்தை ஆராய்ந்தவர்கள் அது அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்கிறார்கள். முன்பெல்லாம் இப்படி ஏதாவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். இப்போது வரவில்லை. பாரசீக மொழி பேசிய கிறிஸ்தவர்கள் கடல் கடந்து வந்து, இந்தக் குன்றில் நின்று தங்கள் எழுத்தில் செபத்தைக் கல்லில் பதித்திருக்கிறார்கள் என்றால் அதுவும் எனக்குச் சாட்சிதான்.

கோயிலுக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்தோம். கீழே விமான நிலையம் முழுசாகத் தெரிகிறது. விமானங்கள் ஒவ்வொன்றாக ஓடி எழும்புவதைப் பார்த்துக்கொண்டே தோமாவைப் பற்றிப் பேசினோம்.

அவரை ஒரே ஒரு வாரத்தை வைத்துச் ‘சந்தேகத் தோமா’ என்று ஆக்கிவிட்டோம். அது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்துபோன நண்பர் லாசரைப் பார்க்க இயேசு யூதேயாவுக்குப் போனால் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, “நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்” என்றவர் இவர்தான். இறுதி இரவு உணவில், “நீர் எங்கே போகிறீர் என்றே தெரியாது, வழி எப்படித் தெரியும்?” என்று எல்லோருக்கும் தெரியாததை வாய்விட்டுக் கேட்டவரும் இவரே. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் “வழியும் உண்மையும் வாழ்வும் நானே” என்ற பதில் நமக்குக் கிடைத்திருக்குமா?

இயேசு முதலில் வந்தபோது தோமா அங்கே இல்லை, எட்டு நாள் கழித்துத்தான் மறுபடி வந்தார். அந்த எட்டு நாளையும் கவனித்துப் படியுங்கள். உயிர்த்த ஆண்டவரை மற்றச் சீடர்கள் முதல் நாளே பார்த்துவிட்டார்கள். “தந்தை என்னை அனுப்பியதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்” என்று கட்டளையும் வாங்கிவிட்டார்கள். அப்புறம் எட்டாம் நாள் எங்கே இருக்கிறார்கள்? அதே வீட்டில், அதே பூட்டிய கதவுக்குள். பார்த்தவர்களும் கிளம்பவில்லை, பார்க்காதவரும் கிளம்பவில்லை. ஆனால் நம்ப முடியாது என்று சொன்ன தோமாவை அவர்கள் வெளியே அனுப்பிவிடவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அந்த எட்டு நாளும் அவர்கள் கூடவே சாப்பிட்டிருப்பார், தூங்கியிருப்பார், அவர்கள் பாடும்போது சும்மா உட்கார்ந்திருப்பார். என் ஒன்றரை வருடம் எனக்கு அங்கே தெரிந்தது.

மத்தேயுவில் இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. கலிலேய மலையில் பதினொருவரும் அவரைக் கண்டு பணிகிறார்கள். ‘சிலரோ ஐயமுற்றார்கள்’ என்று அடுத்த வரி. இயேசு அந்தச் சிலரைத் தனியாக நிறுத்தவில்லை. எல்லா மக்களினத்தாரிடமும் போங்கள் என்று மொத்தமாகச் சொல்கிறார். ஐயம் தீர்ந்த பிறகு வாருங்கள், அப்போது அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் பரங்கிமலையில் கோயில் ஏது?

3-ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய நூல், தோமா இந்தியாவுக்கு வர மறுத்ததாகவே சொல்கிறது. வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்பும், அங்கே மட்டும் வேண்டாம் என்கிறார். கடைசியில் ஆண்டவரே அவரை ஒரு வணிகனிடம் தச்சு வேலைக்கு அடிமையாக விற்று அனுப்புகிறாராம். திருச்சபை அதை மறைநூலில் சேர்க்கவில்லை. இருந்தாலும் தோமாவின் மனதை அறிந்தவர்கள்தான் அப்படி எழுதியிருக்க முடியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டோ பிடித்துச் சாந்தோம் போனோம். இப்போதுள்ள வெள்ளைக் கோயில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்து 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. முகப்பில் உயரமான கோபுரம் ஒன்று, நடுவில் சிறியதாக இன்னொன்று. சிறிய கோபுரத்துக்கு நேர் கீழேதான் தோமாவின் கல்லறை. நிலவறைக்குத் தனி வழி இருக்கிறது. உள்ளே போனால் சாலைச் சத்தம் கேட்காது. முழந்தாளிட்டிருந்தவர்களில் ஒரு அம்மா காகிதத்தில் எதையோ எழுதிப் பலமுறை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

தோமாவின் எலும்புகள் பெரும்பாலும் இங்கே இல்லை. பழைய காலத்திலேயே இன்றைய துருக்கியில் உள்ள எதெஸ்ஸாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து கியோஸ் தீவுக்குப் போய், 1258 முதல் இத்தாலியின் ஒர்த்தோனாவில் இருக்கின்றன. இங்கே மிஞ்சியது சிறு எலும்புத் துண்டும் ஈட்டிமுனையும். ஆனாலும் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியதைப் பார்த்தால், தோமா இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 1545-இல் புனித சவேரியார் வந்து சுமார் நான்கு மாதம் தங்கினார். அடுத்து எங்கே போவது, கிழக்கே கடல் தாண்டிப் போகலாமா என்று தெரியாமல்தான் அவர் வந்தார். இந்தக் கல்லறையில் செபித்துத் தெளிந்து மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவ்வளவு பெரிய மறைப்பணியாளருக்கே வழி தெரியாத மாதங்கள் இருந்திருக்கின்றன. அவர் முழந்தாளிட்ட இடத்தில் தம்பியின் பெயரை மட்டும் சொன்னேன். வேறு செபம் வரவில்லை.

மாலைத் திருப்பலிக்கு மேலே கோயில் நிறைந்துவிட்டது. கல்லறைக்கு மேலேயே அந்த நற்செய்தியைக் கேட்டேன். ‘காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்’ என்று தோமாவின் கதை முடிந்தது. பிறகு எல்லோரும் எழுந்து நம்பிக்கை அறிக்கை சொன்னோம். அந்த வரி வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் தம்பி மனைவி நிறுத்தி நிதானமாக, ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்றாள். கோயில் முழுக்கச் சொல்லியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியிலிருந்து சேர்ந்துகொண்டேன்.

வரும் ஞாயிறு வகுப்பு இருக்கிறது. அந்தப் பையனை எழுப்பி, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், தொட்டாரா என்று யோவான் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். சின்னமலைத் தண்ணீர் பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக.